தலைமடை முதல் கடைமடை வரை

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலர் அவர்கள் எனக்குத் தந்த தலைப்பு "கணினியும் கிராமமும்". பெரிய தலைப்பு. சாப்பாட்டு மணிக்கு முன்னால் எனக்குக் கொடுத்திருக்கும் நேரமோ சிறியது. ஆகவே அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். லினக்ஸ் போட்ட ஒரு கணினி. அதில் யு.எஸ்.பி. வயர் மூலம் ஒரு கேபிள் மோடத்தைச் சொருகுகிறோம். இணையம் வரவில்லை. என்ன செய்வது? இதுதான் நான் பேசப்போகும் விஷயம்.

"இதற்கு எதற்கய்யா ஒரு மேடை?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. நம் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைகளில் எந்த வியாதிக்கும் ஒரே மருந்துதான் கொடுக்கிறார்கள். "ஃபார்மட் போட்டுடலாம் சார்." லினக்ஸ் என்றால் இன்னும் சுலபம். "லினக்ஸ்ல நெட்டு வராது சார், விண்டோஸ் ஏத்திடலாம்." அரை மணி நேரத்தில் எல்லாம் துடைத்துவிடுவார்கள். உள்ளே இருந்த பையனின் புராஜெக்ட், பெண்ணின் கல்யாணப் புகைப்படம், அப்பாவின் கடைக் கணக்கு எல்லாம் போய்விடும். சில சமயம் அதன் பிறகும் நெட்டு வராது. ஏனென்றால் பழுது கணினியில் இருந்திருக்கவே இருக்காது.

நாம் தஞ்சாவூர்க்காரர்கள். பழுது பார்க்கும் முறையை நமக்கு வெளியூர்க்காரர் யாரும் சொல்லித் தர வேண்டாம். வயலில் தண்ணீர் இல்லை என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? வயலை உழுது அழித்துவிட்டு மறுபடி நாற்று விட்டார்களா? இல்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் இறங்கினார்கள். "தண்ணி எங்க நிக்குதுன்னு பாருடா" என்பதுதான் முதல் வார்த்தை. நம் மடை, அதற்கு மேல் கன்னி வாய்க்கால், அதற்கு மேல் கிளை வாய்க்கால், அதன் தலைப்பு மதகு, அதற்கும் மேல் ஆறு, கல்லணை, மேட்டூர். இந்த வரிசையில் ஏதோ ஓர் இடத்தில், மேல் பக்கம் தண்ணீர் இருக்கும், கீழ்ப் பக்கம் இருக்காது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது. அங்கே வெங்காயத்தாமரை அடைத்திருக்கும், அல்லது ஷட்டர் இறங்கியிருக்கும், அல்லது மேல்மடைக்காரர் இரவோடு இரவாகக் கட்டை போட்டிருப்பார்.

அனுபவசாலி இன்னும் ஒரு காரியம் செய்வார். வயலிலிருந்து ஒவ்வொரு அடியாக நடக்க மாட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே பாதி தூரத்தில் உள்ள பாலத்துக்குப் போய் எட்டிப் பார்ப்பார். அங்கே தண்ணீர் ஓடினால் அடைப்பு கீழே. ஓடாவிட்டால் அடைப்பு மேலே. ஒரே பார்வையில் பாதி வேலை குறைந்துவிடும்.

இணைய இணைப்பும் இதே வரிசைதான். வயர், மோடம், கணினி அந்த மோடத்தைப் பார்ப்பது, அதற்கான டிரைவர், முகவரி கிடைப்பது, அடுத்த வீட்டு வாசல் என்று சொல்லத்தக்க கேட்வே, அதற்கு அப்பால் வெளியுலகம், கடைசியாகப் பெயர்களை எண்களாக மாற்றித் தரும் டி.என்.எஸ். கேபிள்காரர்கள் தங்கள் நிலையத்துக்கு வைத்திருக்கும் பெயரே "ஹெட் எண்ட்". நம் மொழியில் தலைமடை. தமிழக அரசு 2007-இல் தொடங்கிய அரசு கேபிள் டி.வி. நிறுவனம் முதலில் தலைமுனை நிலையம் அமைத்த நான்கு ஊர்களில் தஞ்சாவூரும் ஒன்று. மற்றவை கோவை, நெல்லை, வேலூர். ஆகவே நாம் கேபிளிலும் தலைமடைக்காரர்கள்தான். பேராவூரணி நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இனி ஒவ்வொரு மடையாகப் பார்ப்போம்.

முதல் மடை, வயர். யு.எஸ்.பி. வயருக்குள் அடிப்படையாக நான்கு கம்பிகள். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு செய்திக்கு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சில வயர்களில் மின்சாரக் கம்பி இரண்டு மட்டுமே இருக்கும். செல்போன் சார்ஜ் ஆகும், ஆனால் செய்தி போகாது. விளக்கு எரிகிறதே என்று நம்பி ஏமாறக் கூடாது. வேறு ஒரு வயரை மாற்றிப் பார்ப்பது காசு செலவில்லாத சோதனை. அடுத்து, டாங்கிள் என்னும் கட்டைவிரல் மோடத்துக்குத் தனி மின்சாரம் கிடையாது. யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் வரைதான் தரும். அதை நான்கு பேருக்குப் பங்கிடும் ஹப்பில் சொருகினால், சிக்னல் குறைவான ஊரில் டாங்கிள் தம் கட்டிக் கத்தும்போது மின்சாரம் போதாமல் விழுந்துவிடும். நேரே கணினியின் துளையில் சொருகுங்கள்.

கேபிள் மோடம் என்றால் பக்கத்து அடாப்டரில் மின்சாரம் வாங்கும். அதன் விளக்குகளைப் படிக்கத் தெரிய வேண்டும். மோடம் உயிர் பெற்றதும் முதலில் தலைமுனையிலிருந்து கீழே வரும் அலையைத் தேடிப் பிடிக்கும். பிறகு மேலே பேசும் தடத்தைச் சரிசெய்துகொள்ளும். அதன் பின் தனக்கான அமைப்புக் கோப்பை மேலேயிருந்து வாங்கிக்கொள்ளும். இவை முடிந்தால்தான் "ஆன்லைன்" விளக்கு சிமிட்டாமல் நிலையாக நிற்கும். இந்த ஒழுங்குக்கு "டாக்சிஸ்" என்று பெயர், 1997-இல் வந்த தரம். விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் கணினியைத் தொடவே வேண்டாம். வீட்டுக்கு வரும் கேபிளை டி.வி.க்கும் மோடத்துக்கும் பிரிக்கும் சிறு பெட்டியைப் பாருங்கள். ஒரு முறை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு கிளைக்கும் பாதிக்கும் குறைவான வலுவே போகும். மூன்று டி.வி.க்குப் பிரித்த பிறகு மிச்சத்தில் மோடத்தை மாட்டியிருந்தால் அது கடைமடை வயல்தான். மோடத்துக்கு முதல் பங்கு கொடுங்கள். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் முனைத் திருகு துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாம் மடை, கணினி மோடத்தைப் பார்க்கிறதா என்பது. இங்கேதான் லினக்ஸின் அருமை. கறுப்புத் திரையைத் திறந்து "எல்.எஸ்.யு.எஸ்.பி." என்று தட்டினால், சொருகியிருக்கும் ஒவ்வொரு யு.எஸ்.பி. பொருளின் பெயரும் எண்ணும் வரிசையாக வரும். சொருகுவதற்கு முன் ஒரு முறை, சொருகிய பின் ஒரு முறை தட்டுங்கள். ஒரு வரி கூடியிருந்தால் வயர் வரை தண்ணீர் வந்துவிட்டது. அடுத்து "டி, எம், இ, எஸ், ஜி" என்று ஐந்து எழுத்து தட்டினால் கெர்னல் தன் நாட்குறிப்பைக் காட்டும். எந்த நொடியில் எது வந்தது, யார் அதை ஏற்றுக்கொண்டார், எப்போது அறுந்தது, எல்லாம் அதில் இருக்கும். சில லினக்ஸ்களில் முன்னால் "சூடோ" சேர்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். "வந்தது, அறுந்தது, வந்தது, அறுந்தது" என்று மாறி மாறி எழுதியிருந்தால் துளை தளர்ந்திருக்கிறது அல்லது மின்சாரம் போதவில்லை. இதற்கு ஃபார்மட் என்ன செய்யும்?

மூன்றாம் மடை, டிரைவர். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல வீட்டுக் கணினிகளில் லேன் கார்டு கிடையாது. பெட்டியைத் திறந்து கார்டு பொருத்த ஆள் அனுப்புவது செலவு. அதனால் மோடம் தயாரித்தவர்கள் யு.எஸ்.பி. துளையும் வைத்துக் கொடுத்தார்கள், கூடவே விண்டோஸுக்கு ஒரு சி.டி. லினக்ஸ் வைத்திருந்தவரைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. நல்ல வேளையாக, யு.எஸ்.பி. வயரிலேயே லேன் பேசுவதற்கு "சி.டி.சி. ஈதர்நெட்" என்று ஒரு பொதுத் தரம் உண்டு. அதைப் பின்பற்றும் மோடம் என்றால் லினக்ஸுக்கு சி.டி.யே தேவையில்லை. சொருகியதும் நாட்குறிப்பில் "யு.எஸ்.பி. 0" என்ற பெயரில் ஒரு புது இணைப்பு பிறக்கும். சில புதிய லினக்ஸ்களில் "இ.என்.எக்ஸ்" என்று தொடங்கும் நீளமான பெயர் வரும். மைக்ரோசாஃப்ட்டின் "ஆர்.என்.டி.ஐ.எஸ்." முறைக்கும் லினக்ஸில் டிரைவர் உண்டு. இன்று ஆண்ட்ராய்டு செல்போனை யு.எஸ்.பி. வயரில் மாட்டி "டெதரிங்" போடுகிறீர்களே, அதில் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஆகவே கேபிள் மோடத்துக்குக் கற்றது வீண் போகாது, உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனுக்கும் அதே பாடம்.

டாங்கிள்களில் ஒரு வேடிக்கை உண்டு. பல டாங்கிள்கள் சொருகியதும் தங்களை மோடம் என்று சொல்லாது, சி.டி. டிரைவ் என்று சொல்லும். உள்ளே விண்டோஸ் மென்பொருள் இருக்கும். அது நிறுவப்பட்ட பிறகுதான் வேஷம் கலைத்து மோடமாக மாறும். லினக்ஸில் அந்த மென்பொருள் ஓடாது, ஆகவே டாங்கிள் வேஷத்திலேயே உட்கார்ந்திருக்கும். "எல்.எஸ்.யு.எஸ்.பி."யில் பார்த்தால் தெரியும். உதாரணமாக, ஹுவாவேயின் ஈ1550 வேஷத்தில் இருக்கும்போது அதன் எண் 1446 என்று முடியும், மோடமாக மாறியதும் 1001 என்று முடியும். மாற்றிவைக்க "யு.எஸ்.பி. மோட்ஸ்விட்ச்" என்று ஒரு சிறு மென்பொருள் இருக்கிறது, இலவசம். அதைப் போட்டால் தீர்ந்தது.

இதை ஏன் விரித்துச் சொல்கிறேன் என்றால், 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் விண்டோஸுடன் "பாஸ்" லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து 2007-இல் வெளியிட்ட நம் நாட்டு லினக்ஸ், தமிழிலும் பேசும். அந்த லினக்ஸைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்த பையன்கள் பலரை எனக்குத் தெரியும். காரணம் கேட்டால், "டாங்கிள் எடுக்கல சார்." வேஷம் கலைக்க ஒரு நிமிடம் போதும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

நான்காம் மடை, முகவரி. கணினி தன்னை அறிமுகம் செய்துகொண்டு "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று கேட்கும், மேலேயிருந்து ஒரு எண் வரும். "ஐ.பி. ஏ" என்று தட்டினால் அந்த எண் தெரியும். எண்ணே இல்லை, அல்லது 169.254 என்று தொடங்குகிறது என்றால், கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று பொருள். கணினி தானாக ஒரு தற்காலிக எண்ணைப் போட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த மடையைப் பற்றி நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமத்தில் பொதுச் சேவை மையம் நடத்தும் தம்பி ஒருவர். சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு மறுநாள் கடைசி நாள். மழை வேறு. மாலையில் கடை டெஸ்க்டாப் புகைந்து நின்றுவிட்டது. தங்கைக்கு அரசு கொடுத்த மடிக்கணினியில்தான் ஸ்கேனரை மாட்டியிருந்ததால், நாற்பதுக்கும் மேற்பட்ட விவசாயிகளின் சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல் எல்லாம் அதற்குள் பத்திரமாக இருந்தன. அவர் அதை லினக்ஸில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். மடிக்கணினியின் லேன் துளையில் முள் ஒடிந்திருந்தது. அதனால் பழைய கேபிள் மோடத்தின் யு.எஸ்.பி. வயரைச் சொருகினார். நெட்டு வரவில்லை. செல்போன் டவரும் மழையில் ஊசலாடிக்கொண்டிருந்தது.

நான் போனபோது இரவு ஒன்பது மணி இருக்கும். பக்கத்து ஊர்க் கடையிலிருந்து வந்த பையன் விண்டோஸ் சி.டி.யைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். "லினக்ஸ்ல இது எடுக்காதுண்ணே. ஃபார்மட் அடிச்சிடலாமா?" வாசலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் நிலம் நாலு மா, அதுவும் குத்தகை. "தம்பி, நாங்க குடுத்த காயிதம் எல்லாம் அதுக்குள்ளதானே இருக்கு?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் இருந்தது. துடைத்துவிட்டால் நாற்பது பேரையும் அந்த மழையில் மறுபடி தேடிப் போக வேண்டும். காப்பீடு தவறி வெள்ளமும் வந்துவிட்டால் அந்த வருஷம் அவ்வளவுதான்.

"சி.டி.யைக் கீழ வைப்பா, தண்ணி எங்க நிக்குதுன்னு முதல்ல பாப்போம்" என்றேன். மோடத்தில் ஆன்லைன் விளக்கு நிலையாக நின்றது. ஆகவே தலைமுனையிலிருந்து மோடம் வரை ஓடுகிறது. "எல்.எஸ்.யு.எஸ்.பி."யில் மோடம் தெரிந்தது. நாட்குறிப்பில் "யு.எஸ்.பி. 0" பிறந்திருந்தது. ஆகவே லினக்ஸ் எடுத்துக்கொண்டுவிட்டது. முகவரி மட்டும் இல்லை. இப்போது பாதி வழிப் பாலத்தைப் பார்க்க வேண்டும். கேபிள் மோடங்கள் பலவற்றுக்குள் ஒரு சிறு பக்கம் உண்டு, அதன் முகவரி 192.168.100.1. கணினிக்குக் கையாலேயே 192.168.100.10 என்று ஒரு எண் கொடுத்து, உலாவியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். உடனே திறந்தது. கணினிக்கும் மோடத்துக்கும் நடுவே செய்தி தாராளமாகப் போய்வருகிறது. மேலே வழி இருக்கிறது, கீழே வழி இருக்கிறது, முறை மட்டும் கிடைக்கவில்லை.

ஏன்? பல கேபிள் மோடங்கள், தாம் உயிர் பெற்றதும் முதலில் பேசிய கணினியின் அடையாள எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு வீட்டுக்கு ஒரு கணினி என்பது அனுமதி. வேறு கணினி வந்து கேட்டால் பதில் சொல்லாது. அதே கணினியே லேன் துளையை விட்டு யு.எஸ்.பி.க்கு மாறினாலும் அடையாள எண் மாறிவிடும். அந்த மோடமோ புகைந்துபோன டெஸ்க்டாப்பையே நினைத்துக்கொண்டிருந்தது. கடை இன்வெர்ட்டரில் ஓடுவதால், ஊரெல்லாம் கரண்ட் போனாலும் மோடம் மட்டும் அணையவே இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், கரண்ட் போயிருந்தால் தானாகவே சரியாகியிருக்கும்.

அடாப்டரைப் பிடுங்கினோம். இரண்டு நிமிடம் காத்திருந்தோம். மடிக்கணினியை மாட்டியபடியே மோடத்தை எழுப்பி, கையால் போட்ட எண்ணை எடுத்துவிட்டு மறுபடி கேட்கச் சொன்னோம். முகவரி வந்தது. ஒன்பதே முக்காலுக்கு முதல் விண்ணப்பம் ஏறியது. அந்தத் தம்பி விடிய விடிய உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினார். பெரியவர் தன் ரசீதை வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் செருகிக்கொண்ட பிறகே எழுந்தார்.

சில ஊர்களில் கணினியின் அடையாள எண்ணை இணைப்புக் கொடுக்கும் அலுவலகத்திலேயே பதிவு செய்திருப்பார்கள். அங்கே மோடத்தை அணைத்துப் பயனில்லை, கேபிள்காரரிடம் சொல்லிப் புது எண்ணைப் பதிய வேண்டும். அப்போதும் "நெட்டு வரல" என்று சொல்லாமல், "கம்ப்யூட்டர் மாத்திட்டேங்க, இதுதான் புது எண்" என்று சொன்னால் அவருக்கும் வேலை சுலபம், நமக்கும் சீக்கிரம் முடியும்.

ஐந்தாம் மடை, கேட்வே. "ஐ.பி. ரூட்" என்று தட்டினால் "டிஃபால்ட்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் எண் வரும். அதை "பிங்" செய்து பாருங்கள். பதில் வந்தால் உங்கள் வீட்டு வாசல் வரை சரி. நான் சொன்ன பாதி வழிப் பாலம் பொதுவாக இதுதான். அவசரத்தில் இருக்கும்போது இங்கேயே தொடங்கலாம். பதில் வந்தால் மேலே போங்கள், வராவிட்டால் கீழே இறங்கி முன்சொன்ன மடைகளைப் பாருங்கள்.

ஆறாம் மடை, வெளியுலகம். 8.8.8.8 என்ற எண்ணைப் பிங் செய்யுங்கள். பதில் வந்தால் வெளியே வழி இருக்கிறது. இங்கே ஒரு தந்திரமான பழுது உண்டு. தொலைபேசிக் கம்பி வழி வரும் பிராட்பேண்டில், சில தளங்கள் திறக்கும், சில பாதியில் நிற்கும். காரணம், சாதாரண லேனில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை போகலாம். "பி.பி.பி.ஓ.இ." என்னும் முறையில் எட்டு பைட் உறைக்கே போய்விடுவதால் 1492 தான் போகும். பெரிய பொட்டலம் வழியில் மாட்டிக்கொள்ளும். கணினியிலோ மோடத்திலோ அளவை 1492 ஆக்கினால் சரியாகும்.

ஏழாம் மடை, பெயர். 8.8.8.8 பதில் சொல்கிறது, ஆனால் தளத்தின் பெயரைச் சொன்னால் தெரியவில்லை என்கிறது. அப்படியானால் டி.என்.எஸ். பழுது. தெருவும் தெரியும், பஸ்ஸும் இருக்கிறது, இறங்க வேண்டிய வீட்டின் விலாசம் மட்டும் கையில் இல்லை என்ற நிலை. வேறு ஒரு டி.என்.எஸ். எண்ணை அமைப்பில் எழுதினால் போதும்.

எட்டாவதாக யாரும் சந்தேகப்படாத ஒரு மடை, கடிகாரம். பழைய டெஸ்க்டாப்பில் சி.ஆர். 2032 என்ற நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். இன்றைய தளங்கள் தேதி போட்ட சான்றிதழைக் காட்டும். கணினி தன் தேதியை நம்பி, "இந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை" என்று மறுக்கும். பார்ப்பவருக்கு நெட்டு இல்லாதது போலத் தோன்றும். சின்னதொரு பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது.

இத்தனை சொன்னதால் லினக்ஸில் குறையே இல்லை என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். உள்ளே ஊட்ட வேண்டிய ஃபர்ம்வேரைத் தயாரிப்பாளர் வெளியே கொடுக்காததால் தொல்லை தந்த யு.எஸ்.பி. மோடங்கள் ஒரு காலத்தில் பல இருந்தன. மோடத்தில் யு.எஸ்.பி. துளையும் லேன் துளையும் இரண்டும் இருந்தால் லேனையே பயன்படுத்துங்கள் என்பதுதான் என் ஆலோசனை. டிரைவர் மடையில் பாதித் தொல்லை குறையும். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே எட்டு மடைகள்தான், பெயர்கள் கொஞ்சம் மாறும். லினக்ஸ் தன் நாட்குறிப்பை மறைக்காமல் திறந்து காட்டுகிறது. படிக்கிற மாணவனுக்கு அது பெரிய உதவி.

இந்தத் துறையில் நம் பக்கம் பின்தங்கியதும் அல்ல. 1999-இல் திருவாரூர் மாவட்ட ஆட்சியராக வந்த திரு. சி. உமாசங்கர் அவர்கள் அந்த மாவட்டத்தின் அரசு அலுவலகங்களைக் கணினிக்குக் கொண்டுவந்தார். அவரே 2006-க்குப் பிறகு எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறியது. மாற்றுவதற்கு அதிகாரி கையெழுத்துப் போதும். மாறிய பிறகு ஒரு மழைநாள் இரவில் இணைப்பு நின்றால், பக்கத்தில் விவரம் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைக்காத இடத்தில்தான் "ஃபார்மட்" ஜெயிக்கிறது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, டெல்டாவின் தென்பகுதியில் மின்கம்பங்கள் சாய்ந்து பல நாள் இருட்டாக இருந்தது. அப்போது எத்தனையோ பேர் நல்ல போனையும் நல்ல கணினியையும் போட்டு நோண்டிக்கொண்டிருந்தார்கள். பழுது டவருக்கு மின்சாரம் இல்லாததில் இருந்தது. "கோளாறு என்னிடம் இல்லை, மேலே இருக்கிறது" என்று உறுதியாகத் தெரிந்துகொள்வதும் ஒரு கண்டுபிடிப்புதான். நேரமும் மிச்சம், பொருளும் மிச்சம். வள்ளுவர் "மருந்து" அதிகாரத்தில் வைத்தியருக்குச் சொன்ன ஒழுங்கும் ஏறத்தாழ இதுவே.

என் பேச்சை ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். முன்னாள் மாணவர்கள் நாம் கல்லூரிக்கு மின்விசிறி வாங்கித் தருகிறோம், குடிநீர் இயந்திரம் வாங்கித் தருகிறோம். நல்லதுதான். அதோடு இன்னொன்றும் செய்யலாம். கணினி ஆய்வகத்தில் கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு வைப்போம். அதற்குப் "பழுது ஏடு" என்று பெயர் வைப்போம். எந்தப் பழுதைச் சரிசெய்தாலும் நான்கு வரி எழுத வேண்டும். என்ன தெரிந்தது, எந்த மடை வரை சரியாக இருந்தது, எங்கே நின்றிருந்தது, எப்படித் திறந்தது. தமிழிலேயே எழுத வேண்டும், பேசுகிற தமிழில் எழுதினாலும் போதும். படித்துவிட்டு ஊருக்குப் போகும் பையனும் பெண்ணும் அதில் இருபது பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு போனால், அவர்கள் ஊரில் யாருடைய காகிதமும் வீணாக அழியாது. முதல் நோட்டும் பேனாவும் என் செலவு. முதல் பக்கத்தை இந்த உரையைக் கேட்ட மாணவர் யாராவது எழுதட்டும்.